பத்துக்கு மூன்று

ஈசா டவுன், பஹ்ரைன்,
நவம்பர் 14

அன்புத் தம்பி அஸ்கர் அலிக்கு,

உனக்கும் ஷஹீராவுக்கும் லாத்தாவின் சலாம். இங்கே மகன் சாகிர், மருமகள் ஹிஃப்ஸா, நான் மூவரும் அல்லாஹ்வின் அருளால் சுகம். அங்கே உங்கள் சுகத்தை, குறிப்பாக உன் வலது முழங்காலின் சுகத்தை, விவரமாக எழுது.

ஏன் திடீரென்று கடிதம் என்று கேட்பாய். போனில் நான் "கால் எப்படி இருக்கு?" என்றால் நீ "சூப்பரா இருக்கு லாத்தா" என்கிறாய். உடனே பின்னால் உன் வீட்டுக்காரி ஷஹீரா இருமுகிறாள். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆகையால் இனி நீ காகிதத்தில் பேனாவால் எழுதி, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. நானும் அப்படியே செய்கிறேன். இந்த ஊர் இந்தியப் பள்ளியில் இத்தனை வருஷம் விடைத்தாள் திருத்தியவள் நான். ஒரு பிள்ளை எந்த வரியைத் தெரியாமல் எழுதியிருக்கிறது என்பதை எழுத்தின் சாய்விலேயே கண்டுபிடித்துவிடுவேன். ரிட்டயர் ஆன பிறகு திருத்த ஒன்றும் கிடைக்காமல் கை நமநமவென்கிறது.

முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். மக்காவுக்கு உம்ரா பஸ் ஏற்பாடு செய்கிற கலீலுர் ரஹ்மான் வந்திருந்தார். அடுத்த அக்டோபரில் மனாமாவிலிருந்து புறப்படுகிற பஸ்ஸில் நம் இருவருக்கும் அடுத்தடுத்த சீட் சொல்லிவிட்டேன். நீ ஹூஸ்டனிலிருந்து இங்கே வந்து சேர். இங்கிருந்து கடல் பாலத்தைத் தாண்டி சவூதிக்கு ஒன்றாகப் போவோம். "தம்பிக்குக் கால் சரியில்லைன்னீங்களே டீச்சர், வீல்சேர் சொல்லிடவா?" என்று கேட்டார். "என் தம்பி காபாவை நடந்துதான் சுத்துவான்" என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

துஆவுடன்,
ரஹீமா லாத்தா


ஹூஸ்டன்,
நவம்பர் 29

பாசமுள்ள லாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நாங்களும் சுகம். என் கையெழுத்தைப் பார்த்து வீட்டில் எல்லாருமாகச் சிரிக்க வேண்டாம். கல்லாவில் பில் எழுதுவதைத் தவிர நான் பேனா பிடித்து வெகு காலம் ஆகிறது.

காலைப் பற்றி உண்மையையே எழுதுகிறேன். எலும்பும் எலும்பும் நேராக உரசுகின்றன என்கிறார் டாக்டர். மஸ்கட் ரூவியில் துணிக்கடையில் நின்ற நிற்பும், இங்கே மாலில் என் அத்தர் கடையில் நிற்கிற நிற்பும் சேர்ந்து மூட்டைத் தேய்த்துவிட்டன. தொழுகைக்கு இரண்டு வருஷமாக நாற்காலிதான். எங்கள் பள்ளிவாசலில் நாற்காலிக்காரர்களுக்கென்று ஒரு வரிசை உண்டு. எல்லாரும் என்னைவிட இருபது வயது மூத்த ஹைதராபாத் பெரியவர்கள். "பேட்டா, அந்தத் தண்ணீரை எடு" என்று என்னையே வேலை வாங்குகிறார்கள். அந்த வரிசையில் நான்தான் இளவட்டம்.

ஆனால் நல்ல செய்தி. மூட்டு மாற்றும் ஆப்பரேஷன் ஜனவரி மூன்றாம் வாரம். இந்த நாட்டில் டாக்டர் செய்யலாம் என்றால் மட்டும் போதாது, இன்ஷூரன்ஸ் கம்பெனியும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். சம்மதித்துவிட்டார்கள்.

வீல்சேர் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது மிகச் சரி. காபாவைச் சுற்றினால் என் காலால் சுற்றுவேன். யாராவது தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றால் நான் ஹூஸ்டனிலேயே இருந்துகொள்கிறேன்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
அஸ்கர்


ஈசா டவுன்,
டிசம்பர் 8

தம்பிக்கு,

சலாம். எல்லாரும் நலம். எனக்கு மட்டும் சளி, அதுவும் போய்க்கொண்டிருக்கிறது.

வீல்சேரில் சுற்றுகிறவர்களுக்கும் அதே நன்மைதான், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் உன்னைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கித் தூக்கி நான் பட்டது போதும். நடந்தே வா.

கம்பெனி சம்மதம் என்று நீ எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "மிஸ், அவசரம்" என்கிறான். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், போ என்பேன். உங்கள் ஊரில் நான் சொன்னால் போதாது. ஆபீஸ் ரூமுக்குச் சீட்டு எழுத வேண்டும். அங்கே பையனின் முகத்தையே பார்க்காத ஒருவர் யோசித்துவிட்டு, "மத்தியானம் வரை பொறுக்கலாம்" என்று பதில் போடுவார். அதற்குள் என் வகுப்பறை என்ன கதியாகும்?

இதைச் சொன்னதும் சாகிர், "அப்படி இல்லம்மா, தேவையில்லாத ஆப்பரேஷனும் நிறைய நடக்குது, அதைத் தடுக்கவும் ஒரு ஆள் வேணும்ல?" என்றான். அதுவும் நியாயம்தான். சும்மா வராந்தாவில் சுற்றுவதற்காக அவசரம் என்கிற பையனும் வகுப்புக்கு ஒருவன் உண்டு. நம் வீட்டிலேயே ஒருவன் இருந்தான், பெயர் சொல்ல விரும்பவில்லை.

ஆப்பரேஷன் முடிந்ததும் எழுது.

லாத்தா


ஹூஸ்டன்,
ஜனவரி 27

லாத்தாவுக்கு,

சலாம். இங்கு சுகம். குளிர் அதிகம். கடையில் வியாபாரம் பரவாயில்லை. ஆப்பரேஷன் தேதி சற்றுத் தள்ளிப்போயிருக்கிறது, டாக்டர் ஊரில் இல்லை. கவலைப்பட ஒன்றுமில்லை. ஹிஃப்ஸாவுக்கும் சாகிருக்கும் சலாம்.

அஸ்கர்


ஈசா டவுன்,
ஜனவரி 30

அன்பு ஷஹீராவுக்கு,

சலாம். உன் உடம்பு, மனசு இரண்டும் நலமா?

போன கடிதத்தில் நாற்காலி வரிசையைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதியவன், இந்த முறை மொத்தமே ஆறு வரி எழுதியிருக்கிறான். அதில் குளிர் ஒரு வரி. "டாக்டர் ஊரில் இல்லை" என்ற இடத்தில் பேனாவை அழுத்திப் பிடித்திருக்கிறான். வீட்டுப்பாடம் நாய் தின்றுவிட்டது என்று எழுதுகிற பிள்ளையும் இப்படித்தான் அழுத்தும்.

நீ இருமாமல் எழுது.

உன் லாத்தா


ஹூஸ்டன்,
பிப்ரவரி 8

மதிப்பிற்குரிய லாத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நலம். பதில் எழுத ஒரு வாரம் யோசித்தேன், மன்னியுங்கள்.

சொந்தக் கடை வைத்திருப்பவர்களுக்கு இங்கே வேலை செய்யும் கம்பெனி வழியாக இன்ஷூரன்ஸ் கிடையாது. அரசாங்கம் நடத்துகிற சந்தையில் நாங்களேதான் வாங்கிக்கொள்கிறோம். சில வருஷமாக அதற்கு அரசாங்கம் கொடுத்துவந்த கூடுதல் உதவி, போன வருஷக் கடைசியோடு நின்றுவிட்டது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்று வாஷிங்டனில் பேசிக்கொண்டே இருந்தார்கள், டிசம்பர் முடிந்துவிட்டது. எங்கள் மாதத் தவணை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும் என்று தெரிந்ததும், இவர் என்னிடம்கூடச் சொல்லாமல் விலை குறைந்த வேறொரு கம்பெனிக்கு மாறிவிட்டார். பழைய கம்பெனி கொடுத்த சம்மதம் புதிய கம்பெனியிடம் செல்லாது என்பது இவருக்குத் தோன்றவில்லை. ஆயுசெல்லாம் வியாபாரம் செய்தவர், ஒரு கடையில் வாங்கிய டோக்கனை அடுத்த கடையில் நீட்டியிருக்கிறார்.

அந்த டாக்டர் புதிய கம்பெனியின் பட்டியலிலும் இருந்தது எங்கள் நல்ல நேரம். அவர் மறுபடி அனுமதி கேட்டார். "மருத்துவ அவசியம் இல்லை" என்று பதில் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தின் படத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

இப்போது கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தே வியாபாரம். மேல் தட்டில் இருக்கிற அத்தரைக் கேட்டால், "அது ஸ்டாக் இல்லை" என்கிறார்.

இன்னொன்று. தன் பஸ் சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி கலீலுர் ரஹ்மானுக்கு போன் செய்யப்போகிறார். இதை லாத்தாவிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

பணிவுடன்,
ஷஹீரா


ஈசா டவுன்,
பிப்ரவரி 11

அஸ்கர்,

சலாம். சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

கம்பெனி மாறியதற்கு நான் திட்டப்போவதில்லை. தவணை இரண்டு மடங்கானால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் என்னிடம் மறைத்தாயே, அதற்குத் திட்டு உண்டு. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

கலீலுர் ரஹ்மானிடம் நான் முந்திக்கொண்டேன். நான் சொல்லாமல் அந்தச் சீட்டை யாருக்கும் தரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவருடைய மூன்று பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள், மீறமாட்டார்.

கம்பெனியின் கடிதத்தை சாகிரிடம் பிரிண்ட் எடுக்கச் சொல்லி வாசித்தேன். ஒரு தரம் வாசித்ததும் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடிவிட்டது. "எங்கள் வழிகாட்டு நெறிகளை நிறைவு செய்யவில்லை" என்ற இடத்தில், "எந்த நெறி?" என்று எழுதினேன். "அனுப்பிய ஆவணங்களைப் பரிசீலித்தோம்" என்பதற்குப் பக்கத்தில், "எவற்றை? யார் பார்த்தது?" இரண்டாம் பக்கத்தில் ஒரே வாக்கியம் மூன்று தடவை வருகிறது. பக்கத்தை நிரப்புகிற பிள்ளைகள் செய்வது. அதைக் கோடு போட்டு அடித்தேன். கடைசியில், "கேள்விக்கு விடை இல்லை. காரணத்தோடு மறுபடி எழுதவும்" என்று போட்டு, பத்துக்கு மூன்று கொடுத்து, ஆர்.பி. என்று என் இனிஷியலும் போட்டேன். அந்தத் தாளை இத்துடன் அனுப்புகிறேன், பார்த்துச் சிரித்துக்கொள்.

சிரித்த பிறகு செய்ய வேண்டியது இது. சாகிர் தேடிப் படித்துக்காட்டினான். நீ வாங்கியிருப்பதுபோன்ற இன்ஷூரன்ஸில் ஒரு சிகிச்சைக்கு முன்கூட்டி அனுமதி மறுத்தால், என்ன காரணம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்று இந்த வருஷத்திலிருந்து அங்கே விதி வந்திருக்கிறதாம். நீ மேல்முறையீடு செய்யலாம். அதிலும் இல்லை என்றால், கம்பெனிக்கு வெளியே இருக்கிற ஒருவர் பார்க்கும்படி கேட்கலாம். டாக்டரிடம் விரிவாக ஒரு கடிதம் வாங்கு. எக்ஸ்ரேயையும் சேர்த்து அனுப்பு.

முதல் பரீட்சையில் தோற்ற பிள்ளை மறுபரீட்சைக்கே வராமல் போவதைத்தான் என்னால் பொறுக்கவே முடியாது. தோற்றது பெரிய விஷயமில்லை.

லாத்தா


ஹூஸ்டன்,
பிப்ரவரி 26

லாத்தா,

சலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி டாக்டரிடம் கடிதம் வாங்கினேன். எக்ஸ்ரேயும் வாங்கினேன். ஷஹீரா எல்லாவற்றையும் அடுக்கி, மேல்முறையீட்டுக்கு ஃபேக்ஸ் அனுப்பினாள். அனுப்பிய கட்டை நேற்றுத்தான் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே முதல் பக்கமாக எது இருந்தது தெரியுமா? உங்கள் பத்துக்கு மூன்று.

"என்ன புள்ள இது, இதையா அனுப்புனே?" என்றேன்.

"பின்னே? சின்ன வயசுல லாத்தா சிவப்பு மை போட்டுத் தந்தா அதுக்கு மேல பேச்சில்ல, அப்படியே கொண்டுபோய் சார்கிட்ட குடுத்துருவேன்னு நீங்கதானே கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றீங்க?"

"அது என் வீட்டுப்பாடம். இது கம்பெனி கடிதம்."

"இங்கிலீஷ்ல எழுதியிருந்தாங்க. கையெழுத்தும் இருந்துச்சு. கம்பெனிக்குத்தான்னு நினைச்சேன். அதுவும் உங்க டாக்டர் கடிதத்தைவிட லாத்தா எழுதுனதுதான் தெளிவா இருந்துச்சு."

காலுக்கு அனுமதி கேட்டுப் போன இடத்தில் அவர்களுக்கே மதிப்பெண் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இனி அந்தக் கம்பெனி எனக்கு ஒரு தைலம்கூடத் தராது.

அஸ்கர்


ஈசா டவுன்,
மார்ச் 1

தம்பிக்கு,

சலாம். நோன்பு வைத்துக்கொண்டு இவ்வளவு சிரிக்கலாமா என்று தெரியவில்லை. ஹிஃப்ஸா அடுப்படியில் சமோசா மடித்தபடியே சிரித்து, பாதி சமோசா வாயைப் பிளந்துகொண்டுவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் பயமும் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் நீ செய்த தப்பையே நானும் செய்ததாகிவிடும், அதனால் எழுதுகிறேன். பதில் எதுவானாலும் உடனே சொல்.

லாத்தா


ஹூஸ்டன்,
மார்ச் 22

என் அருமை லாத்தாவுக்கு,

பெருநாள் வாழ்த்துகளும் சலாமும். அனைவரும் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம்.

பெருநாளுக்கு நாலு நாள் முன்னால் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். முதல் கேள்வி, "ஆர்.பி. யார்? உங்கள் டாக்டரா?"

"இல்லை மேடம், என் அக்கா. பஹ்ரைனில் டீச்சராக இருந்தவர். தவறுதலாக வந்துவிட்டது, கிழித்துப் போட்டுவிடுங்கள்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "நான் படித்த பள்ளியிலும் இப்படி ஒருவர் இருந்தார். இந்தத் தாளைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்" என்றார். அப்புறம், "உங்கள் அக்கா கேட்டிருப்பது நியாயம். எங்கள் கடிதத்தில் காரணம் இல்லை. என்ன குறை என்று நானே தேடிப் பார்த்தேன்" என்றார்.

குறை என்ன தெரியுமா? ஆப்பரேஷனுக்கு முன்னால் பிஸியோதெரபி செய்து பார்த்ததற்கான அத்தாட்சி அவர்களிடம் இல்லை. போன வருஷம் முழுக்க நான் மாங்கு மாங்கென்று செய்தது எல்லாம் பழைய கம்பெனியிடம் தங்கிவிட்டது. புதிய கம்பெனியைப் பொறுத்தவரை, நான் சிகிச்சையே செய்யாமல் நேராகக் கத்திக்கு வந்தவன். இந்த ஒரு வரியை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் அன்றைக்கே எடுத்துக்கொடுத்திருப்பேன்.

தெரபி நிலையத்திலிருந்து அத்தாட்சியை வாங்கி அனுப்பினேன். எங்கள் டாக்டரும் அவர்கள் டாக்டரும் போனில் பேசினார்கள். நேற்று சம்மதம் வந்துவிட்டது. ஏப்ரல் நடுவில் ஆப்பரேஷன்.

வைப்பதற்கு முன் அந்தப் பெண்மணி ஒன்று கேட்டார்: "எல்லாம் தப்பு என்றால் அந்த மூன்று எதற்கு?" எனக்கும் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
அஸ்கர்


ஈசா டவுன்,
மார்ச் 23

தம்பிக்கு,

சலாம். அல்ஹம்துலில்லாஹ். கடிதத்தை வாசித்ததும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பெனி கடிதத்தில் தேதி, முகவரி, உன் பெயர் மூன்றும் பிழையில்லாமல் இருந்தன. பெயரைச் சரியாக எழுதுகிற பிள்ளைக்கு நான் ஒருபோதும் பூஜ்யம் போட்டதில்லை. அந்த அம்மாவிடம் என் சலாமைச் சொல். இப்போது அவருக்குப் பத்துக்கு ஒன்பது என்றும் சொல். ஒன்றைக் குறைத்தது, உன்னை இரண்டு மாதம் ஸ்டூலில் உட்கார வைத்ததற்கு.

லாத்தா


ஹூஸ்டன்,
ஜூன் 19

லாத்தாவுக்கு,

சலாம். சுகம். கம்பு இல்லாமல் நடக்கிறேன். மேல் தட்டு அத்தரெல்லாம் திடீரென்று ஸ்டாக் வந்துவிட்டது.

ஜும்ஆத் தொழுகைக்குப் போனபோது ஒரு தொல்லை. நாற்காலி வரிசைப் பெரியவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். விஷயம் எப்படியோ பரவியிருக்கிறது. ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குக் கண், ஒருவருக்கு மூச்சுக் கருவி. ஆளுக்கொரு மறுப்புக் கடிதத்தை ஜிப்பாப் பையிலிருந்து எடுத்து, "பேட்டா, உன் அக்காவிடம் காட்டு" என்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி ஒரு பெண்மணி போனில் வருவாரா, தெரியவில்லை. ஆனாலும் படங்களை அனுப்பியிருக்கிறேன்.

சிவப்புப் பேனா இருப்பு இருக்கிறதா?

அஸ்கர்


மக்கா,
அக்டோபர் 17

அன்பு ஷஹீராவுக்கு,

சலாம். கடையைத் தனியாகப் பார்த்துக்கொண்டு எங்களை அனுப்பி வைத்தாயே, உனக்காகக் கேட்ட துஆவுக்குக் கணக்கில்லை. நாங்கள் நலம். உம்ரா முடிந்தது. உன் வீட்டுக்காரன் மொட்டைத் தலையோடு எனக்கு எதிரே உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுகிறான். என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறான். காட்டமாட்டேன்.

காபாவைச் சுற்றும்போது என் பக்கத்திலேயே நடந்தான். மூச்சு வாங்குகிறதா, உட்காரலாமா என்று என்னைத்தான் நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவனைக் கேட்கவில்லை, வலி இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அதன் பிறகு ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு நடுவே ஏழு நடை. வழியில் பச்சை விளக்குப் போட்ட இடத்தில் ஆண்கள் விரைந்து போக வேண்டும், பெண்களுக்கு அது இல்லை. "டாக்டர் ஓடக்கூடாதுன்னார் லாத்தா, வேகமா நடக்கக்கூடாதுன்னு சொல்லல" என்றான். சரி போ, விளக்கு முடிகிற இடத்தில் நில், வந்துவிடுகிறேன் என்றேன். மூன்று நடை அப்படியே நின்றான். நான்காவது நடையில் ஆளைக் காணோம்.

நின்று தேடினேன். இத்தனை வருஷமாகக் கூட்டத்தில் அவனை நான் கண்டுபிடிப்பது அந்த நொண்டலை வைத்துத்தான். ஏர்போர்ட் ஆனாலும் கல்யாண வீடு ஆனாலும், ஒரு தோள் இறங்கி ஏறுகிறதா என்று பார்ப்பேன், அதுதான் அஸ்கர். இப்போதும் பழக்கத்தில் அதைத்தான் தேடினேன். எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளைத் துணி, எல்லாத் தோள்களும் ஒரே மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் எது என் தம்பி என்று எனக்குத் தெரியவில்லை.

பையில் போன் இருந்தது. எடுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்போல அவனும் நடந்துகொண்டிருக்கிறான் என்று நினைக்கவே இனிப்பாக இருந்தது. மீதி நடைகளை நான் பாட்டுக்கு மெல்ல நடந்து முடித்தேன்.

அவன் உனக்குப் போன் செய்து, லாத்தா கூட்டத்தில் தொலைந்துபோய்விட்டார்கள், நான்தான் தேடிப் பிடித்தேன் என்று பெருமையடிப்பான். அடிக்கட்டும். நீ இருமிவிடாதே.

துஆவுடன்,
உன் லாத்தா ரஹீமா